ஒரு வண்டி பருத்திமார்

விளாங்குடி
12-6-1934

தங்கச்சி மாயக்காளுக்கு அண்ணன் நல்லகாமன் எழுதுவது. நானும் உன் மதினி ரெங்கம்மாளும் சுகம். மாப்ள சோணைமுத்தும் நீயும் என் மருமகள் ஒச்சாயியும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாசம் போட்ட கார்டுக்கு இன்னும் பதிலைக் காணோம். கொட்டாம்பட்டி முப்பது மைல் தள்ளி இருக்கிறது, சரிதான். அதற்காகத் தபால்காரன் அங்கேயிருந்து தவழ்ந்தா வருகிறான்? அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் பார்த்தபோது சண்டை போட்டு நாலாம் வகுப்பு வரை படிக்க வைத்தவன் நான். அந்தப் படிப்பு அண்ணனுக்கு நாலு வரி எழுதக்கூட ஆகவில்லையென்றால் வேறு எதற்கு?

இந்த வருசமும் கம்போடியாப் பருத்தி என்னைக் கைவிடவில்லை. கிணற்றடித் தோட்டம் மூன்று ஏக்கரிலும் பருத்தி தவிர வேறு கிடையாது. பழைய கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டாச்சு. உன் மதினி காதில் புதுத் தோடு ஏறியிருக்கிறது. அதைக் காட்டுவதற்காகவே தினம் நாலு நடை தண்ணீருக்குப் போகிறாள். மதுரைப் பருத்திப்பேட்டையில் வியாபாரி சேக் இஸ்மாயில் என் பொதிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இழுத்துப் பார்த்தார். "காமண்ணே, இந்தச் சரக்கு இருந்தா மத்தவுக பொதியை அவுக்கவே வேணாம்" என்று அங்கே நின்ற எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மாப்ள இன்னும் சோளத்தையும் கம்பையும் கட்டிக்கொண்டு அழுகிறாரே, அதுதான் என் ஆத்தாமை. வயிறு நிறைவதோடு அந்த வெள்ளாமை முடிந்துபோகிறது. வருகிற புரட்டாசியில் உங்கள் கிணற்றடியிலும் பருத்தி போடச் சொல். நல்ல விதையாகப் பார்த்து வாங்கித் தருகிறேன். ஒன்று மட்டும் முக்கியம், பருத்திக்கு நிழல் ஆகாது. கிணற்றைச் சுற்றி நிற்கிற வேலமரங்களையும் அந்த வேம்பையும் இப்போதே வெட்டிவிடுங்கள்.

ஒச்சாயிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் காது குத்துவதாகக் கேள்விப்பட்டேன். தாய்மாமன் நான் இருக்கிறேன். என்ன சீர் வேண்டுமென்று கூசாமல் கேள்.

நல்லகாமன்

கொட்டாம்பட்டி
27-6-1934

அண்ணனுக்கு மாயக்காள் கும்பிட்டு எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. மதினி தோட்டைப் பற்றி எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் கடுதாசி போட்டாலே நம்ம வீட்டுக்கு ஒரு செலவு" என்று சிரித்தார்.

ஆனால் உங்கள் மாப்ளையிடம் நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பருத்தி என்றதும், "மாட்டுக்கு எதைப் போடுறது? பூவைப் பறிச்சுப் போடவா?" என்றார். சோளம் போட்டால் தட்டையாவது செவலைக் காளைகளுக்கு ஆகும் என்பது அவர் பேச்சு. எங்கள் அண்ணன் வீட்டில் ஓடு போட்டாச்சு, நீங்கள் தட்டையைக் கட்டிக்கொண்டு கிடங்கள் என்று நான்தான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். மறுநாள் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து வேலமரமும் வேம்பும் போய்விட்டன. செங்கல் சூளைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார், அந்தக் காசை வைத்துக் கிணற்றில் தூர் எடுத்தோம். வேம்பு சாய்ந்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒச்சாயிக்கு அதில்தான் ஊஞ்சல்.

சீர் கேட்கச் சொன்னீர்கள். கேட்கிறேன், சிரிக்காதீர்கள். இங்கே விறகு இல்லை. மரத்தை விற்றுவிட்டோம். மழை ஏமாற்றியதில் சோளத்தட்டையும் மாட்டுக்கே பத்தவில்லை. காது குத்துக்கு வருகிற இருநூறு பேருக்கு எதை எரித்துச் சமைப்பது? எனக்குப் பட்டு வேண்டாம். ஒரு வண்டி விறகு கொடுங்கள். ஊரில் விறகுச் சீர் என்று கேலி பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும்.

தங்கச்சி மாயக்காள்

விளாங்குடி
9-8-1934

மாயக்காளுக்கு. நம் வண்டிக்காரன் காளையிடம் வண்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நம் தோட்டத்தில் பிடுங்கிய பருத்திமார்தான். நன்றாகக் காய்ந்த செடி, தீக்குச்சியைக் காட்டினாலே பிடித்துக்கொள்ளும். வண்டி கொள்ளாத பாரம், கயிறு போட்டு இறுக்கியிருக்கிறேன். சமைத்தது போக மிச்சத்தைக் கிணற்றடியில் அடுக்கி வை, தை மாசம் வரை அடுப்புக்குக் கவலையில்லை. இந்தச் சீரைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைக்கப்போகிறது, பார்.

வழியில் யார் கேட்டாலும் யாருடைய மார் என்று சொல்ல வேண்டாமென்று காளையிடம் சொல்லியிருக்கிறேன். கண் பட்டுவிடும். நானும் மதினியும் ஆட்டுக்கிடாயோடு பின்னால் வருகிறோம்.

நல்லகாமன்

கொட்டாம்பட்டி
5-9-1934

அண்ணனுக்கு. நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. ஒச்சாயி காது ஆறிவிட்டது. உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். "மாமா வேட்டியில என் கண்ணுத் தண்ணி இருக்கு" என்று பெருமை வேறு.

கேலி பேசுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் பேசவில்லை. எத்தனை அண்ணன் தங்கச்சி அடுப்பை நினைக்கிறான் என்றுதான் பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். மிச்சத்தைக் கிணற்றடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறோம். அடுத்த தோட்டத்துத் தவசி அண்ணன் பெண்சாதி வந்து கேட்டாள், அவளுக்கும் நாலு கட்டுக் கொடுத்தேன். தவசி அண்ணனும் எங்களைப் பார்த்து இந்த வருசம் பருத்தி போடுகிறார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர்.

மாரில் வெடிக்காத காய் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒச்சாயி அதைப் பறித்து உடைத்து விளையாடுகிறாள். நேற்று ஒரு காய்க்குள் சிவத்த புழு ஒன்று சுருண்டு கிடந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து அதற்குப் பெயர் வைக்கச் சொன்னாள். தூக்கி எறியச் சொன்னேன்.

மாயக்காள்

கொட்டாம்பட்டி
20-3-1935

அண்ணனுக்கு. போன இரண்டு மாசமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுத ஒன்றும் நல்லதாக இல்லை.

செடி இடுப்பளவு வளர்ந்து நின்றது. பூவைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்ளயே, "உன் பேச்சைக் கேட்டதும் நல்லதாத்தான் போச்சு" என்றார். அப்புறம் காய் வெடிக்கிற நேரத்தில் வெடிக்கவில்லை. பாதி திறந்து கறுத்துப்போய் நின்றது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு இல்லை, அழுகலும் புழுவும்தான். சிவத்த புழு. ஒச்சாயி கையில் வைத்திருந்த அதே புழு. எங்கள் தோட்டத்தில் தொடங்கி, தவசி அண்ணன் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து அந்தப் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. ஏழு தோட்டம்.

போன வியாழக்கிழமை பருத்தி இன்ஸ்பெக்டர் வந்தார். தோட்டத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கிணற்றடியில் மிச்சமிருந்த மார் அடுக்கிடம் நேராகப் போய், காயை உடைத்து உடைத்துக் கீழே போட்டார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் அண்ணன் கொடுத்த சீர் என்றேன். ஊர் கேட்டார். விளாங்குடி என்றேன்.

அவர் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார், விளாங்குடிப் பக்கம் போன வருசமே இந்தப் புழு விழுந்ததாம். ஆடிக் கெடுவுக்குள் செடியைப் பிடுங்கி, பிடுங்கிய இடத்திலேயே எரிக்க வேண்டும், ஒரு குச்சிகூட வெளியே போகக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னார்களாம். "ஒங்கண்ணனுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். நல்ல மனுசன், அதட்டிக்கூடக் கேட்கவில்லை.

நான் உங்களை வேறொன்றும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி எழுதினால் போதும்.

மாயக்காள்

விளாங்குடி
3-4-1935

தங்கச்சிக்கு. உன் கடிதம் படித்து மனசு கலங்கிப்போனேன். வெள்ளாமை என்றால் ஒரு வருசம் வரும், ஒரு வருசம் போகும். அதற்காக ஊரில் எவனோ காக்கிச் சட்டை போட்டவன் சொன்னதை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவனைக் கேள்வி கேட்பாயா? புழு என்ன சீட்டு வாங்கியா வண்டி ஏறி வந்தது? காற்றில் பறக்கிற பூச்சி. எங்கே வேண்டுமானாலும் போகும். மாப்ள செடியை நெருக்கமாகப் போட்டிருப்பார். இல்லையென்றால் தண்ணீர் அதிகமாகப் பாய்ச்சியிருப்பார். முதல் வருசம் அப்படித்தான் ஆகும்.

நான் ஆசையாகக் கொடுத்த சீரில் நீ குற்றம் கண்டுபிடித்ததுதான் எனக்கு வருத்தம். உன் மதினியும் அழுதாள். நடந்ததை விடு. அடுத்த வருசத்துக்கு நானே ஒரு மூட்டை புது விதை அனுப்புகிறேன்.

நல்லகாமன்

கொட்டாம்பட்டி
22-4-1935

நல்லகாமனுக்கு.

நேற்றுச் சந்தையில் காளையைப் பார்த்தேன். அவன் என்னைக் கண்டதும் மாட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். விடாமல் கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

இன்ஸ்பெக்டர் உன் தோட்டத்தில் உன் எதிரே நின்று காயைப் பிளந்து புழுவைக் காட்டினாராமே. மூன்று நாள் கெடு கொடுத்து, எரிக்காவிட்டால் கேசு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாராமே. மூன்றாம் நாள் காலையில் நீயே நின்று வண்டியில் ஏற்றினாயாமே. வழியில் யார் கேட்டாலும் பெயர் சொல்லக்கூடாதென்று நீ எழுதியபோது கண்ணேறு என்று நினைத்தேன். அண்ணன் பாசத்தைப் பற்றி ஊர்ப் பொம்பளைகளிடம் பீற்றிக்கொண்டேன். உன் தோட்டத்துக் குப்பையைத் தள்ள உனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. என் மகள் காது அதற்குச் சாக்கு.

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதினாய், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு.

செவலைக் காளைகள் இரண்டையும் விலைக்கு வாங்கினவர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போடத் தட்டை இல்லை, வைத்திருந்து என்ன செய்ய? ஒச்சாயி அப்பா கங்காணி ஒருவர் பின்னால் தேயிலைக்காட்டுக்குப் போகிறார். சோளமே போடுவோம் என்ற மனுசன். போகும்போதுகூட உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தவசி அண்ணன் வீட்டுக்கு எதிரே நான் தலை நிமிர்ந்து நடப்பதில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் என்னைத் தின்கிறது.

நீ படிக்க வைத்த படிப்பு இதை எழுதுவதற்காவது உதவியது. இனி எழுதாதே. விதையும் அனுப்பாதே.

மாயக்காள்

விளாங்குடி
14-10-1937

மாயக்காளுக்கு. நீ எழுதாதே என்றாய். இந்த ஒரு கார்டு மட்டும்.

மாப்ள மலையில் காய்ச்சலில் போய்விட்டார் என்று காளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேதத்துக்கு ஓடி வந்தேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உன் வாசலில் எம்புட்டு நேரம் நின்றேன் என்று நீ பார்த்தாய். நீ அதை வாங்கவில்லை. தவசி வாங்கி வந்த சேலையை வாங்கிக்கொண்டாய். கூடப்பிறந்தவன் உயிரோடு நிற்கும்போது அடுத்த தோட்டத்துக்காரன் கையால் கோடி வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்? அந்தச் சேலை இங்கே பெட்டியில் கிடக்கிறது. உன் மதினி அதைத் தொட மாட்டேன் என்கிறாள்.

நல்லகாமன்

விளாங்குடி
8-2-1943

தங்கச்சிக்கு.

ஐந்து வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கவரைப் பிரிப்பாயோ, அடுப்பில் போடுவாயோ தெரியாது. பிரித்தால் முழுக்கப் படி.

நீ கேட்ட ஒரு வரி இதுதான். எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் காயைப் பிளந்து காட்டினார். பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் மாரைக் குவித்துவிட்டுத் தீப்பெட்டியோடு நின்றேன். விறகு கேட்ட உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எரிக்க மனசு வரவில்லை. எரித்தால் தங்கச்சி அடுப்புக்கு விறகு இல்லையே என்று நினைத்தேன், அது உண்மை. எரித்துவிட்டு உனக்கு வேறு விறகு கடையில் வாங்க வேண்டுமே என்றும் நினைத்தேன், அதுவும் உண்மை. வண்டியில் ஏற்றினால் தோட்டம் சுத்தம், கேசு இல்லை, சீரும் ஆச்சு. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. முப்பது மைல் வெயிலில் போவதற்குள் புழு செத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த மாரில் வெந்த சோறுதான் இலையில் விழுந்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் மிச்சத்தை எரித்திருப்பாய். எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை.

இங்கே நிலைமையை எழுதுகிறேன். மில்லுக்காரர்கள் பருத்தி வேண்டும் என்கிறார்கள், பூமி கொடுக்க மாட்டேன் என்கிறது. வருசா வருசம் அதையே போட்டேன். தட்டை இல்லாமல் மாடு போனது. மாடு இல்லாமல் எரு போனது. கிணற்றை இரண்டு தடவை ஆழப்படுத்தினேன், இப்போது வருகிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது. முழங்கால் உயரத்தில் செடி நின்றுவிடுகிறது, அதிலும் புழு. பர்மா அரிசி நின்றுபோனதிலிருந்து மதுரையில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டு வீட்டுக்காரன் நானும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். சேக் இஸ்மாயில் அந்தப் பக்கம் வந்தார். பார்க்காதது மாதிரி போனார், அது அவருடைய பெரிய மனசு. உன் மதினி தோடு காதில் இல்லை.

இந்த வருசம் சோளம் போட்டுப் பார்க்கலாமென்று இருக்கிறேன். இந்தப் பக்கம் விதைச் சோளம் ஒருவரிடமும் இல்லை. நம் அப்பா காலத்து விதையை எல்லோரும் எப்போதோ தின்று தீர்த்துவிட்டோம். நீயும் தவசியும் திரும்பச் சோளத்துக்கே போய்விட்டதாகக் காளை சொன்னான். அரை மூட்டை விதை கொடுத்தால் பிழைப்பேன்.

ஒச்சாயி பெரியவளாகியிருப்பாள். அவள் பெரியமனுசியாகிற அன்றைக்குக் குச்சுக் குடிசை கட்ட என்னைக் கூப்பிடு. அந்த உரிமையையாவது எடுத்துவிடாதே.

அண்ணன் நல்லகாமன்

கொட்டாம்பட்டி
1-3-1943

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மூன்று தடவை படித்தேன்.

ஒச்சாயி போன தையிலேயே பெரியமனுசியாகிவிட்டாள். தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பியாச்சா என்று ஊரில் கேட்டார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை. தவசி அண்ணன் தன் தோட்டத்திலிருந்து பச்சைச் சோளத்தட்டையை அறுத்துத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, "என் மருமகளுக்கு நான் கட்டக்கூடாதா?" என்றார். எட்டு வருசத்துக்கு முன்னால் என் வீட்டுச் சீரால் ஒரு வருச வெள்ளாமையை இழந்த மனுசன். குச்சு கட்டி முடிக்கிற வரை நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

பதினாறாம் நாள் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு வந்து குச்சை எரித்தார்கள். அது வழக்கம், உங்களுக்குத் தெரியும். பதினாறு நாளில் நன்றாகக் காய்ந்திருந்த தட்டை. மாட்டுத் தீவனத்துக்கு ஊரே பறக்கிற வருசம். ஒச்சாயி கேட்டாள், "ஏம்மா, இம்புட்டுத் தட்டையையும் எரிக்கணுமா? மாட்டுக்குப் போட்டா நாலு நாளைக்கு வருமே." சரியாகத்தான் கேட்டாள். எனக்கும் அதே நினைப்புத்தான்.

நான் சொன்னேன், "எரிக்கணும்னு சொன்னதை எரிச்சுரணும் ஆத்தா. நமக்கு மனசு வரலைங்கிறது ஒரு காரணமில்ல."

கடைசிக் குச்சி சாம்பலாகிற வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

நீங்கள் உண்மையை எழுதிவிட்டீர்கள். அதைப் படித்தால் எனக்கு ஆறும் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். ஆறவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாரை அந்த நிமிசமே எரித்திருப்பேன், விருந்தை நிறுத்திக் கஞ்சி ஊற்றியிருப்பேன். ஒச்சாயிக்கு அப்பா இருந்திருப்பார். என் பங்கையும் நான் மறைக்கவில்லை. வேம்பை வெட்டச் சொல்லி ஒரு வாரம் சண்டை போட்டவள் நான்தான்.

விதை கேட்டீர்கள். தவசி அண்ணனிடம் சொன்னேன். கொடுக்க வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "வெதை கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னா சொல்றது?" என்றார். அரை மூட்டை நம் காளையின் வண்டியில் வருகிறது. பாதி அவருடையது, பாதி என்னுடையது. ஒவ்வொரு மரக்காலையும் வெயிலில் உலர்த்தி, நானே புடைத்து, கையால் கிளறிப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறேன். பூச்சி இல்லை.

சாக்கைக் காளையிடமே கொடுத்துவிடவும். அதில் ஒன்றும் போட்டு அனுப்ப வேண்டாம்.

மாயக்காள்